கொடுக்கில்லாத தேள்

பொழுது புலர்வதற்கு முன்னரே தலைவிளக்குடன் நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளர்கள், மற்றவர் கண்ணில் படாத பல உயிர்களைக் காண்கின்றனர். கதிரவன் எழுந்து, பால் எடுக்கும் வேளை வருவதற்குள் அவற்றுள் பல பொந்துகளிலும் சருகுகளிலும் மறைந்துவிடுகின்றன. அவ்வாறு இருளில் மட்டுமே நடமாடும் உயிர் ஒன்றைப் பற்றி இத்திங்கள் காண்போம்.

பட்டு விழுந்த மரத்துண்டு ஒன்று நடைவழியின் குறுக்கே கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். அதனைப் புரட்டுகிறோம். அடியில் கருநிறமான ஓர் உயிர் பதுங்கியிருக்கிறது. முன்புறம் தடித்த இரண்டு இடுக்கிகள். பின்புறம் கம்பி போன்ற வால். விளக்கின் ஒளி பட்டதும் அஃது இடுக்கிகளை விரித்து, வாலை உயர்த்தி நிற்கிறது. "அண்ணே, கருந்தேள்! அடியுங்கள்!" என்று ஒருவர் கூவ, மற்றவர் கையில் கிடைத்த கட்டையை ஓங்குகிறார். அந்த நேரத்தில் குப்பென்று புளித்த காடியின் நெடி எழுகிறது. அதுவே தேளின் நஞ்சு என்று முடிவு செய்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரும் விலகிச் செல்கின்றனர். இக்கட்டுரையை எழுதும் நாமும் இளமையில் இவ்வாறு ஒன்றை அடித்துக் கொன்றவர்களே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

கொல்லப்பட்டது கருந்தேள் அன்று. அதற்கு நஞ்சும் இல்லை. நஞ்சைச் செலுத்தும் கொடுக்கும் இல்லை. வால் சாட்டையைப் போல நீண்டிருப்பதால் அதனைச் சாட்டைத்தேள் என்பர். சவுக்குத்தேள் என்று சொல்வோரும் உண்டு.

தேளா, அன்றா?

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. வாலைப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். தேளின் வால் தடித்த கணுக்களால் ஆனது. ஐந்து கணுக்களுக்குப் பின், நுனியில் உருண்ட நஞ்சுப்பையும் கூரிய முள்ளும் சேர்ந்த கொடுக்கு இருக்கும். தேள் அவ்வாலை முதுகின்மேல் வளைத்து, தலைக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டும். சாட்டைத்தேளின் வாலோ நூல் போன்றது. மரத்தில் மங்கைத் தாங்கி நிற்கும் கம்பியைக் காட்டிலும் மெல்லியது. பற்பல நுண்ணிய கணுக்கள் கோக்கப்பட்டு, நுனிவரை ஒரே சீராக நீளும். அதன் முனையில் முள்ளும் இல்லை, பையும் இல்லை. எவரையும் குத்த அதனால் இயலாது.

இரண்டாவது அடையாளம் கால்கள். தேள் எட்டுக் கால்களையும் ஊன்றி நடக்கும். சாட்டைத்தேளுக்கும் எட்டுக் கால்கள் உண்டு. ஆயினும் அது நடப்பது பின்னுள்ள ஆறு கால்களால் மட்டுமே. முன்னுள்ள இரண்டு கால்களும் மற்றவற்றினும் நீண்டு, மெலிந்து, நுனியில் சிறுசிறு கணுக்களாகப் பிரிந்திருக்கும். அவை தரையை ஊன்றுவதில்லை. கண்பார்வையற்றவர் கைத்தடியால் தட்டித் தட்டி வழியறிவது போல, அக்கால்களை முன்னும் பக்கவாட்டிலும் நீட்டித் தொட்டுத் தொட்டு அது வழி காண்கிறது. இரையையும் அவ்வாறே அறிகிறது.

இவை அருகிலிருந்து நோக்கும்போது தெரியும் அடையாளங்கள். அரை இருளில், விளக்கு ஆடும் வெளிச்சத்தில், கொடுக்கு இருக்கிறதா இல்லையா என்று துணிந்து சொல்வது எவர்க்கும் அரிது. ஆகவே ஐயம் இருக்குமாயின் அதனைத் தேளென்றே கருதி, கையை வைக்காமல் விலகி நிற்பதே முறையாகும். இந்த ஏடு சாட்டைத்தேளைத் தீங்கற்றது என்று எழுதியதாகச் சொல்லி, ஒரு சிறுவன் உண்மையான கருந்தேளைக் கையில் எடுத்துவிடக் கூடாது.

உடலின் அமைப்பு

உலகிலுள்ள சாட்டைத்தேள்களின் உடல், வாலை நீக்கிப் பார்த்தால், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் வரை நீளமுடையது. நிறம் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. கால்களில் சிலவற்றிற்குச் செம்மை கலந்திருக்கும்.

உடல் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. முற்பகுதி தலையும் மார்பும் ஒன்றானது. அதன் மேற்புறத்தைத் தடித்த ஓடு ஒன்று மூடியிருக்கிறது. ஓட்டின் முன்முனையில் இரண்டு கண்களும், இரு பக்கங்களிலும் மும்மூன்று சிறு கண்களும் உள்ளன. இத்தனை கண்கள் இருந்தும் பார்வை கூர்மையானதன்று. ஒளி எது, இருள் எது என்று உணர்ந்து இருளை நாடிச் செல்வதற்கே அவை பெரிதும் உதவுகின்றன.

முன்னே தெரியும் இடுக்கிகளைக் கைகள் என்றே சொல்லலாம். அவற்றின் உட்புறத்தில் முட்கள் வரிசையாக நிற்கும். இரையைப் பற்றுவது, நசுக்குவது, மண்ணைத் தோண்டுவது, தோண்டிய மண்ணை வாரி அணைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது ஆகிய எல்லாம் இவற்றின் வேலை. ஆணின் இடுக்கிகள் பெண்ணின் இடுக்கிகளைவிட நீண்டும் பருத்தும் இருப்பது பொதுவான இயல்பு. இடுக்கிகளுக்கு நடுவே, வாயருகில், சிறிய கடிகொம்புகள் இரண்டு உள்ளன. இடுக்கி பற்றிக் கொடுக்கும் இரையைக் கிழித்துக் கூழாக்குவன இவையே. சிலந்தியின் கடிகொம்பில் நஞ்சு உண்டு. சாட்டைத்தேளின் கடிகொம்பில் அதுவும் இல்லை.

பிற்பகுதியாகிய வயிறு பன்னிரண்டு வளையங்களால் ஆனது. முதல் வளையம் குறுகி இடைபோல அமைந்து, முற்பகுதியோடு வயிற்றை இணைக்கிறது. கடைசி மூன்று வளையங்களும் மிகச் சிறுத்து, ஒரு குமிழ்போல ஒன்றி நிற்கின்றன. அக்குமிழிலிருந்தே சாட்டை புறப்படுகிறது. சாட்டையின் வேலை என்ன எனச் சிலர் கேட்கலாம். முன்கால்கள் முன்னால் தொட்டறிவதுபோல், பின்னால் வருவதைத் தொட்டறியும் உறுப்பு அது என்று கொள்வதே பொருந்தும்.

வயிற்றின் அடிப்புறத்தில் மூச்சுறுப்புகள் இரண்டு இணைகள் உள்ளன. புத்தகத்தின் தாள்கள் அடுக்கப்பட்டிருப்பதுபோல மெல்லிய தகடுகள் அவற்றுள் அடுக்கப்பட்டிருப்பதால், புத்தக நுரையீரல் என்று அவற்றைக் குறிப்பிடுவர். இணை இரண்டு என்பதால் நுரையீரல் நான்கு. இந்த எண்ணிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

காடியின் நெடி எங்கிருந்து வருகிறது?

சாட்டையின் அடியில், அந்தக் குமிழின் இரு பக்கங்களிலும் சுரப்பிகளின் வாய்கள் உள்ளன. வயிற்றுக்குள் இருக்கும் இரு பைகளில் நீர்மம் ஒன்று நிறைந்திருக்கும். எவரேனும் அதன் காலையோ உடலையோ பற்றினால், குமிழை அத்திசை நோக்கித் திருப்பி அந்நீர்மத்தைப் பீச்சுகிறது. குறி பெரும்பாலும் தவறுவதில்லை. ஒருமுறை பீச்சியதோடு பை வறண்டுவிடுவதுமில்லை. அடுத்தடுத்துப் பலமுறை பீச்ச அதனால் இயலும்.

அந்நீர்மம் யாது? அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவிலும் வாழும் பெரிய சாட்டைத்தேள் ஒன்றை, கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஐஸ்னரும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, 1961 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அந்நீர்மத்தில் 84 விழுக்காடு அசெட்டிக் அமிலம். 5 விழுக்காடு காப்ரிலிக் அமிலம். எஞ்சிய 11 விழுக்காடு வெறும் நீர். நாம் கடைகளில் சுக்கா என்று கேட்டு வாங்கும் காடியில் புளிப்பைத் தருவது இதே அசெட்டிக் அமிலந்தான். ஆனால் காடியில் அது ஏறக்குறைய ஐந்து விழுக்காடே இருக்கும். ஆகவே இவ்வுயிர் பீச்சுவது சமையற்காடியைப்போல் பதினாறு மடங்குக்கும் மேலான வலிமை உடையது. அந்நாட்டவர் இதனைக் காடிப்பூச்சி என்று பொருள்படும்படி 'வினிகரூன்' என அழைப்பதும் இந்நெடியினால்தான். நம் பகுதியில் உள்ளவற்றிலிருந்து எழுவதும் அதே காடி நெடியே.

அமிலத்தின் பெயர் நம் தொழிலாளர்களுக்குப் புதிதன்று. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றப்படுவது பார்மிக் அமிலம். இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அசெட்டிக் அமிலமே அவ்வேலைக்குப் பெரிதும் பயன்பட்டது. பார்மிக் என்னும் சொல்லே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரக்கிளையில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்தபின் எரிவதற்குக் காரணம் அதுவே. பால் கொட்டகையில் தகரங்களில் வந்து இறங்கும் பொருளை, எறும்பும் சாட்டைத்தேளும் தம் வயிற்றுக்குள்ளேயே செய்து வைத்திருக்கின்றன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஐந்து விழுக்காடு மட்டுமே உள்ள காப்ரிலிக் அமிலத்திற்கு என்ன வேலை? எறும்பு, வண்டு போன்றவற்றின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. சேம்பிலையில் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடுவதுபோல், வெறும் அசெட்டிக் அமிலம் அம்மெழுகின்மேல் நில்லாமல் வழிந்துவிடக்கூடும். காப்ரிலிக் அமிலமோ கொழுப்பைச் சார்ந்தது; தேங்காயெண்ணெயிலும் செம்பனை விதை எண்ணெயிலும் கொழுப்போடு கட்டுண்டு இருப்பது. அது கலந்திருப்பதால் நீர்மம் மெழுகின்மேல் பரவி, ஊடுருவி, உள்ளே சென்று எரிச்சலூட்டுகிறது. தாக்க வந்த விலங்கு வாயைத் துடைத்துக்கொண்டு விலக, சாட்டைத்தேள் தப்பிச் செல்கிறது. கொல்வதற்கான கருவியன்று அது, தப்புவதற்கான கருவி.

பட்டுவிட்டால் செய்ய வேண்டுவது

தோலில் பட்டால் சிறிது எரியும். தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவினால் போதும். கண்ணில் படுவதே கவலைக்குரியது. குனிந்து மரத்துண்டைப் புரட்டும்போதும், பிடித்து முகத்தருகே வைத்துப் பார்க்கும்போதும் இது நேரக்கூடும். கண்ணைக் கசக்கக் கூடாது. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, தூய தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நிரையில் இருப்போர் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையே இதற்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். பிறகு மருந்தகத்திற்குச் சென்று காட்ட வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது, இலைச்சாறு பிழிவது முதலியவற்றால் நேரம் வீணாகும். கண்ணுக்குத் தீங்கும் நேரும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். ஆண்டு முழுதும் தோட்டத்தில் வேலை செய்தும் சாட்டைத்தேளின் துளி கண்ணில் படாதவர்களே மிகப் பலர். ஆனால் பால் கொட்டகையில் அமிலத்தை அளந்து ஊற்றுவோருக்கு அத்தீங்கு நாள்தோறும் அருகிலேயே இருக்கிறது. கலக்கப்படாத பார்மிக் அமிலம் சாட்டைத்தேளின் துளியைவிடப் பன்மடங்கு கொடியது. அதற்கும் முதலுதவி இதுவே: தண்ணீர், உடனே, நீண்ட நேரம், பிறகு தாமதமின்றி மருத்துவரிடம். பூச்சிக்கு அஞ்சி ஓடுகிற நாம் அமிலத் தகரத்தின் அருகில் கண்ணாடியின்றி நிற்பது விந்தையே.

சாட்டைத்தேள் இடுக்கியால் கிள்ளவும் கூடும். பெரியதாயின் தோலில் கீறல் விழும், நஞ்சு ஏறாது. ஆனால் கொட்டியது உண்மையான தேளாயின் வழி வேறு. கொட்டிய இடத்தைக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து, கொட்டப்பட்டவரை அமைதியாக அமரச் செய்து, மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் ஆகா. பெரியவர்க்கு வலியோடு போவதும் சிறு குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். ஆதலால் குழந்தைகள் திறத்தில் சற்றும் காலந்தாழ்த்தலாகாது.

இதன் உறவினர் யாவர்?

உடலும் கால்களும் கணுக்கணுவாக அமைந்த உயிர்களைக் கணுக்காலிகள் என்பர். நண்டு, பூரான், வண்டு, சிலந்தி எல்லாம் இப்பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் எட்டுக் கால்களை உடையனவாய், உணர்கொம்பும் சிறகும் இல்லாதனவாய் உள்ள வகுப்பிற்கு அரக்னிடா என்பது அறிவியற்பெயர். சிலந்தி, தேள், உண்ணி ஆகியன இவ்வகுப்பினவே. சாட்டைத்தேள் அவ்வகுப்பில் தனி வரிசையாக வைக்கப்பட்டுள்ளது. அவ்வரிசைக்குத் தெலிஃபோனிடா என்று பெயர். யூரோபைகி என்ற பெயரும் வழக்கில் உண்டு. இன்று உயிர்வாழும் சாட்டைத்தேள்கள் அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இப்போது நான்கு நுரையீரல்களை நினைவுகூர்வோம். தேளுக்குப் புத்தக நுரையீரல் நான்கு இணைகள், அதாவது எட்டு. சாட்டைத்தேளுக்கு இரண்டு இணைகள். பழைமையான சிலந்தி இனங்களுக்கும் இரண்டு இணைகளே. நுரையீரலையும் வேறு பல உறுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், சாட்டைத்தேள் தேளைவிடச் சிலந்திக்கே நெருங்கிய உறவு என்று கண்டுள்ளனர். இடுக்கியையும் வாலையும் கண்டு தேள் என்று நாம் பெயரிட்டோம். குடும்ப மரத்தில் அது நிற்கும் கிளையோ வேறு. ஆயினும் சிலந்தியைப்போல் நூல் நூற்க இதனால் இயலாது.

பெயரால் ஏமாந்தவர் நாம் மட்டும் அல்லர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் ஒரு சாட்டைத்தேளுக்கு அறிவியற்பெயர் இட்டபோது, வேறோர் எட்டுக்கால் இனத்தோடு அதனைச் சேர்த்து வைத்தார். பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் 1802 ஆம் ஆண்டில் தனிப் பேரினமாகப் பிரித்து, தெலிஃபோனஸ் என்று பெயர் சூட்டினார். அக்கிரேக்கச் சொல்லுக்குப் 'பெண்ணைக் கொல்வது' என்பது பொருள். எவரையும் கொல்லும் வல்லமையற்ற உயிருக்கு இப்பெயர் நிலைத்துவிட்டது. தோட்டத்தில் கட்டையை ஓங்கியவரிடம் மட்டும் குறை காண்பது எப்படி?

மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் காணப்படும் இனங்களுள் ஒன்று தெலிஃபோனஸ் லிங்கானஸ். அது 1843 ஆம் ஆண்டில் கோக் என்னும் செருமானிய அறிஞரால் பெயரிடப்பட்டது.

நெருங்கிய உறவினர் இருவரையும் குறிப்பிட வேண்டும். வாலே இல்லாமல், தட்டையான உடலும் மிக நீண்ட முன்கால்களும் கொண்டு, குகைச் சுவர்களிலும் மரப்பட்டைகளிலும் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடுவது ஒன்று. அதற்கு அமிலம் பீச்சும் சுரப்பி இல்லை. மற்றொன்று மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானது. குட்டையான வாலுடன் சருகுக்குள் வாழ்வது. மூன்றும் ஒரே பாட்டனின் வழிவந்தவை எனலாம். அப்பாட்டனின் காலம் மிகப் பழையது. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலக்கரிக் காலப் பாறைகளில் சாட்டைத்தேளின் உருவம் பதிந்து கிடைத்துள்ளது. அன்றைய உருவத்திற்கும் இன்றைய உருவத்திற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வாழுமிடமும் உணவும்

வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளே இதற்கு ஏற்றவை. தென்கிழக்காசியா, இந்தியா, இலங்கை, சீனாவின் தென்பகுதி, ஜப்பானின் தென்தீவுகள், பசிபிக் தீவுகள் சில, அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகள் ஆகியவற்றில் சாட்டைத்தேள்கள் உள்ளன. ஆப்பிரிக்காவில் மேற்குக் கரையோரத்தில் மட்டும் ஓர் இனம் இயற்கையாக வாழ்கிறது. ஐரோப்பாவில் இல்லை.

ஈரம் இல்லையேல் இதற்கு வாழ்வில்லை. அதனால் பகலில் அழுகிய மரத்தடி, கற்களின் அடி, சருகுக் குவியல், வேர்களுக்கிடையேயுள்ள பொந்து, தானே தோண்டிய வளை ஆகிய இடங்களில் தங்கி இரவில் வெளியேறுகிறது. காட்டை ஒட்டிய நிரைகளிலும், பழைய மரங்கள் சாய்ந்து மக்கிக் கிடக்கும் இடங்களிலும், ஓடைக்கரைகளிலும் கண்ணில் படுவது இதனாலேயே. பெருமழையில் வளைக்குள் தண்ணீர் புகும்போது வீட்டுப் பக்கமும் வரக்கூடும். விறகு அடுக்கி வைத்திருக்கும் பின்புறமும், எப்போதும் நனைந்திருக்கும் குளியலறை ஓரமும் அதற்குப் பிடித்த இடங்கள்.

உணவு கரப்பான், பாச்சை, மரவட்டை, மண்ணில் ஊரும் சிறு பூச்சிகள், சில வேளை மண்புழு, நத்தை போன்ற ஓடில்லாத அட்டை வகை. சிறிய தேளையும் பிடித்துத் தின்பதுண்டு. முன்கால்களால் தொட்டறிந்து, சற்று நின்று, சட்டென்று இடுக்கியால் பற்றும். செடிகளையோ ரப்பர் மரத்தையோ இது தீண்டுவதில்லை. ஆகையால் இதனால் பயிருக்குக் கேடு எதுவுமில்லை. வீட்டைச் சுற்றியுள்ள கரப்பான்களுக்கு மட்டுமே கேடு.

இணைதலும் ஈன்று காத்தலும்

சாட்டைத்தேளின் வாழ்வில் மிக அரிய பகுதி இதுவே. ஆணும் பெண்ணும் சந்திக்கும்போது முதலில் போரிடுவதுபோலவே தோன்றும். ஆண் பெண்ணின் மெல்லிய முன்கால்களின் நுனிகளைத் தன் வாயருகிலுள்ள கடிகொம்புகளால் பற்றிக்கொள்கிறது. பற்றியவாறே பின்னோக்கி நடக்கிறது, பெண் பின்தொடர்கிறது. சில அடி முன்னே, சில அடி பின்னே என்று மணிக்கணக்கில் இது தொடரும். கண்ணெனப் பயன்படும் கால்களையே ஒப்படைத்துவிட்டுப் பெண் செல்கிறது என்பதை நோக்க வேண்டும்.

பின்னர் ஆண் திரும்பி நின்று, விந்து அடங்கிய சிறு பொதி ஒன்றைத் தரையில் வைக்கிறது. பெண்ணை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தி, தன் இடுக்கிகளால் அவ்விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்த உதவுகிறது.

முட்டை முதிரும் காலம் வந்ததும் பெண் வளையின் உள்ளறைக்குச் சென்று தன்னை அடைத்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது முட்டைகள் வரை ஈரப்பசை காக்கும் மெல்லிய உறைக்குள் இட்டு, அவ்வுறையை வயிற்றின் அடியில் தாங்குகிறது. முட்டைகள் மண்ணில் பட்டால் கெட்டுவிடும் என்பதால் வயிற்றை மேல்நோக்கி வளைத்து உயர்த்தியவாறே நிற்கிறது. முட்டை பொரியும் வரை வாரக்கணக்கில் அந்நிலையே. அக்காலம் முழுதும் அஃது இரை தேடிச் செல்வதில்லை.

பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் வெண்ணிறமானவை. தாயின் சாயல் அவற்றிடம் அவ்வளவாக இல்லை. அவற்றின் காலில் நகங்களுக்குப் பதிலாக ஒட்டும் உறுப்புகள் உள்ளன. அவற்றால் பற்றிக்கொண்டு தாயின் முதுகின்மேல் ஏறிக் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்பருவத்தில் அவை உண்பதுமில்லை. முதல் தோலை உரித்த பின்னரே கறுத்து, சிறிய சாட்டைத்தேளின் உருவம் பெற்று, முதுகினின்று இறங்கி வளையை விட்டு ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. நெடுங்காலம் உணவின்றி மெலிந்த தாய் பெரும்பாலும் அதற்குச் சிறிது காலத்திற்குள் இறந்துவிடுகிறது.

குஞ்சுகளின் வளர்ச்சி மிக மெதுவானது. அமெரிக்க இனத்தில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் தோலுரிப்பு நிகழ்கிறது. முழு வளர்ச்சி அடைய மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் செல்கின்றன. அதன்பின் மேலும் நான்கு ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். தோலுரித்த அன்று உடல் வெளுத்து மென்மையாக இருக்கும். சில நாளில் கறுத்து இறுகும். கட்டையால் ஒரு நொடியில் அடிக்கப்படும் முழு வளர்ச்சியுற்ற சாட்டைத்தேள், அக்கட்டைக்குரிய மரத்தைப் போலவே சில ஆண்டுகளாக வளர்ந்து வந்ததாகும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் கையால் தொட வேண்டுவதில்லை. பழைய மங்கு ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையைச் செருகி, முகத்தைச் சற்று விலக்கிப் பிடித்தபடி எடுத்துச் சென்று ஓடைக்கரையிலோ சருகுக் குவியலிலோ விட்டுவிடலாம். கொடுக்குள்ள தேளே ஆயினும் இம்முறை ஏற்றதே. மரத்துண்டைப் புரட்டும்போது வயிற்றை உயர்த்தி, அடியில் வெண்மையான உறையைத் தாங்கி அசையாமல் நிற்கும் ஒன்றைக் கண்டால், துண்டை மெல்ல முன்பிருந்தபடியே வைத்துவிட வேண்டும். காற்றும் வெயிலும் பட்டால் உறை உலர்ந்துவிடக்கூடும்.